பத்தொன்பதாவது பந்து

நவம்பர் இரண்டாம் வாரத்துப் புதன்கிழமைக்குள் லைல் டோஸ்ட்ரட் ஐந்து பத்திகளை எழுதி முடித்திருந்தார். ஆறாவது பாக்கி.

ஹால்பர்க் கல்லூரியில் இலையுதிர்காலத்துக்கு ஆறு விளையாட்டுகள். பருவம் முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுத வேண்டும். அதை அச்சடித்து, நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளுக்கு முன்னால் பழைய மாணவர்கள் எல்லோருக்கும் தபாலில் அனுப்புவார்கள். எழுதுகிறவர் லைல். ஆட்டத்தின்போது மேசையில் உட்கார்ந்து எண்களைப் பதிகிறவரும் அவரே. இருபத்தேழு வருஷமாக இரண்டு வேலைக்கும் ஒரே ஆள்.

அமெரிக்க ஃபுட்பாலில் இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி. 'கடைசி ஆட்டம்வரை ஒருவர்கூட அணியை விட்டுப் போகவில்லை' என்று எழுதியிருந்தார். ஆண்கள் சாக்கரில் ஏழு ஆட்டம் சமன். பெண்கள் சாக்கரில் கோல்கீப்பருக்கு மூக்கு உடைந்தது. அடுத்த வாரமே முகக்கவசத்தோடு வந்து நின்றாள். கோல்ஃபில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வானிலையைப் பற்றி எழுதினார். நெடுந்தூர ஓட்டத்தில் ஐந்து பேர் ஓடி முடித்தால்தான் அணிக்கு இடம் கிடைக்கும்; ஐந்தாவது பெண் ஒரு ஷூவைச் சேற்றில் விட்டுவிட்டு வந்து முடித்தாள். எல்லாம் நடந்தவை. பொய் சொல்லாமல் நல்லதைச் சொல்ல அவருக்குத் தெரியும்.

'வாலிபால்' என்று தலைப்புப் போட்டு நான்கு நாள் ஆகிறது. கீழே வெறும் வெள்ளை.

அங்கே வர வேண்டிய வாக்கியம் ஊருக்கே தெரியும். மேரன் டூஃபெக், நான்காம் ஆண்டு, நான்கு வருஷத்தில் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து எடுப்புகள். கல்லூரியின் பழைய சாதனையைவிட ஒன்று அதிகம்.

லைலுக்கு வேறொரு எண் தெரியும். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று.

எதிரணி ஓங்கி அடிக்கும் பந்து தரையைத் தொடுவதற்குள் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டால் அது ஓர் எடுப்பு. அடிக்க வழியில்லாமல் எதிரணி சும்மா தள்ளிவிடும் பந்தை எடுத்தால் அது எண்ணிக்கையில் சேராது. எது அடி, எது தள்ளல் என்று முடிவு செய்வது உள்ளூர் மேசை. ஹால்பர்க்கில் அந்த மேசையில் இரண்டு பேர். வெர்னா கிட்டில்சன் கண்ணால் பார்த்துச் சொல்வார்; லைல் பொத்தானைத் தட்டுவார். வெர்னா நாற்பது வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். லைலும் ஒரு காலத்தில் அவரிடம் படித்தார், சுமாராக.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை கடைசி ஆட்டம். முதல் நான்கு அணிகள்தான் அடுத்த சுற்றுக்குப் போகும், ஹால்பர்க் ஐந்தாவது. ஆகவே மேரனுக்கும் அதுதான் கடைசி. முந்துவதற்குப் பத்தொன்பது வேண்டும். மாணவர் கூட்டம் பெரிய அட்டைகளில் பத்தொன்பது முதல் பூஜ்யம்வரை எழுதிக்கொண்டு வந்திருந்தது. அவள் ஒரு பந்தை எடுத்தால் ஓர் அட்டையைத் திருப்புவார்கள். அடியா தள்ளலா என்று அவர்கள் பார்க்கவில்லை. இரண்டாவது செட்டில் ஒரு பந்து தள்ளிவிடப்பட்டு வந்தது. "சும்மா வந்தது" என்றார் வெர்னா. லைல் தட்டவில்லை. கூட்டம் அட்டையைத் திருப்பியது.

மூன்றாவது செட், அதுவே கடைசி; ஹால்பர்க் பதினாறுக்கு ஒன்பது என்று முன்னால். மறுபடி ஒரு பந்து, வலைக்கு மேலே உயரமாக, சோம்பலாக மிதந்து வந்தது. மேரன் இரண்டடி பின்னால் போய் அதை எடுத்தாள். "சும்மா வந்தது" என்றார் வெர்னா. அதற்குள் கடைசி அட்டை திரும்பிவிட்டது. முந்நூறு பேர் எழுந்து நின்றார்கள். பயிற்சியாளர் டெஸ் ரிண்டல் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினாள். மைக் பிடித்திருந்த கல்லூரிப் பாதிரியார் ஆமட் லைலைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

லைலின் திரையில் பதினேழு என்று இருந்தது.

இன்னும் இரண்டு. செட் முடிவதற்குள் எப்படியும் வந்துவிடும். இப்போதைக்குச் சந்தோஷப்படட்டும், இரண்டு நிமிஷத்தில் எண் தானாகச் சரியாகிவிடும். அவ்வளவுதான் நினைத்தார்.

தலையசைத்தார்.

பாதிரியார் அறிவித்தார். பழைய சாதனைக்காரியான ஜோலீன் பிராண்டாவ் பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்கி ஓடி வந்து மேரனைக் கட்டிக்கொண்டாள். பந்தை மேரனிடம் கொடுத்தார்கள். பிறகு, லைல் எதிர்பார்க்காத ஒன்றை டெஸ் செய்தாள். மேரனை வெளியே அழைத்து, பெஞ்சில் உட்கார வைத்து, முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தியை அவள் இடத்துக்கு அனுப்பினாள். கூட்டம் மறுபடி எழுந்து நின்று கைதட்டியது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் லைல் பொத்தானை இரண்டு முறை அழுத்தினார்.

புதன்கிழமை பதினொரு மணிக்குத் தபால் வந்தது. கொண்டு வந்தது ஜோலீன். கல்லூரி அவளுடைய தபால் சுற்றில் பாதிவழி. லைலின் அறையில் அவளுக்கென்று ஒரு காபிக் கோப்பை உண்டு.

"என்ன லைல், இன்னும் அந்த வெள்ளைத் திரையையேதான் முறைச்சிட்டிருக்கியா?"

"எழுதணும்."

"அதுல எழுத என்ன இருக்கு? சின்னப் பொண்ணு வந்து கிழவியை ஓரங்கட்டிட்டா. போடு, போட்டுட்டு வீட்டுக்குப் போ." அவள் காபியை ஊற்றிக்கொண்டாள். "அப்புறம், சாதனைப் பலகையில என் பேர்ப் பட்டையைக் கழட்டுவீங்கல்ல, அதைக் குப்பையில போட்டுடாதீங்க. எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"ஃப்ரிட்ஜ்ல ஒட்டத்தான். என் புருஷன் பால் எடுக்கறப்பல்லாம் பார்க்கட்டும், யாரைக் கட்டிக்கிட்டோம்னு."

லைல் சிரிக்க முயன்றார். "உனக்கு வருத்தமே இல்லையா?"

"வேற எவனாவது எண்ணியிருந்தா வருத்தமாத்தான் இருந்திருக்கும். நம்ம பொண்ணுன்னு அள்ளிக் குடுத்திருப்பான். நீ சுத்தக் கஞ்சன். தொண்ணூத்தெட்டுல என் கடைசி மேட்ச் ஞாபகம் இருக்கா? தரையில உருண்டு, தாடையில ரத்தம் வர எடுத்தேன் ஒரு பந்தை. சும்மா வந்ததுன்னு சொல்லி நீ குடுக்கல."

"அது சும்மா வந்ததுதான்."

"பார், பார்! இருபத்தாறு வருஷம் கழிச்சும் குடுக்க மாட்டேங்கிறான்!" அவள் மேசையைத் தட்டிச் சிரித்தாள். "கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் இந்தக் கதையைச் சொல்லி உன்னைத் திட்டுறேன். எங்க வீட்டுல உனக்குப் பேரே கஞ்சன் லைல்தான். நீ பத்தொன்பதுன்னு தலையாட்டினா, பத்தொன்பதுதான்."

அவள் போன பிறகு கோப்பையைக் கழுவி வைத்தார். உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை நண்பகலில் லீக் அலுவலகம் எண்களைப் பூட்டிவிடும். அதற்கப்புறம் யாரும் எதையும் மாற்ற முடியாது. பூட்டிவிட்டால் போதும் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். அப்படி நினைத்தது பிடிக்கவில்லை.

அன்று பிற்பகல் அவர் வேறு ஒரு வேலையை ஆரம்பித்தார். அந்தப் பருவத்து இருபத்து நான்கு ஆட்டங்களின் வீடியோப் படங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. எங்காவது மேரன் எடுத்து அவர் தட்டாமல் விட்ட பந்து இரண்டு இருக்கும். இரண்டு கிடைத்தால் பொய் உண்மையாகிவிடும். செப்டம்பர் ஆட்டம் ஒன்றில் ஒன்று கிடைத்தது: மேரன் எடுத்த பந்து பக்கத்தில் நின்றவள் பெயரில் இருந்தது. லைல் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல்வரை நடந்துவிட்டு வந்தார். அதற்கடுத்த ஆட்டத்திலேயே பக்கத்தில் நின்றவள் எடுத்த ஒரு பந்து மேரன் பெயரில் இருந்தது.

வியாழக்கிழமை மதியத்துக்குள் பதினான்கு ஆட்டம் ஆனது. ஓர் இடத்தில் சந்தேகம் இருந்தது. வெர்னாவைக் கூப்பிட்டார். அவர் பனிக் காலணியைக் கழற்றாமலே வந்து திரைக்கு முன்னால் குனிந்தார்.

"திரும்பப் போடு."

போட்டார்.

"இல்லை" என்றார் வெர்னா. "அவ கையில படவே இல்லை. தோள்ல பட்டு வெளியே போகுது. உனக்குத் தெரியலையா?"

"தெரியுது, ப்ரொஃபசர்."

"பின்னே எதுக்கு என்னைக் கூப்பிட்ட?"

லைல் படத்தை நிறுத்தினார். வெர்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு தடவை தட்டினே. பார்த்தேன்" என்றார். "திங்கக்கிழமை சரி பண்ணிடுவேன்னு நெனச்சேன். திங்கக்கிழமை போச்சு. அடுத்த திங்கக்கிழமையும் போச்சு."

"நீங்க ஏன் அப்பவே சொல்லல?"

"நானும் கை தட்டிட்டிருந்தேன்டா" என்றார் வெர்னா. "வேற என்ன சொல்றது. சும்மா வந்ததுன்னு என் வாயால சொல்லிட்டு, எழுந்து நின்னு கை தட்டினேன்." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "மிச்சம் பத்து ஆட்டம் இருக்கா?"

"இருக்கு."

"அதெல்லாம் நான்தான் பார்த்துச் சொன்னது. தப்பு இருக்காது." கதவருகே நின்றார். "இருந்தா நல்லா இருக்கும்."

பத்து ஆட்டத்தையும் லைல் பார்த்தார். தப்பு இல்லை. கடைசி ஆட்டத்தின் படத்தை மட்டும் பாதிரியார் மைக்கைத் தூக்கும் இடத்தில் நிறுத்தினார். எப்போது போட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சட்டை ஒப்படைக்கும் ஜன்னலில் மேரனைப் பிடித்தார். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் அணிச் சட்டையைத் துவைத்து, மடித்து, அந்த ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மேரன் ஒன்பதாம் எண் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஜன்னல் இன்னும் திறக்கவில்லை.

"மிஸ்டர் டோஸ்ட்ரட்! வாங்க. பத்தி எழுதிட்டீங்களா? எங்கப்பா ஆறு பிரதி வேணும்னாரு. ஆறு! எங்க வீட்டுல இருக்கறதே மூணு பேர்."

"மேரன், ஒண்ணு சொல்லணும்."

அவர் சொன்னார். பதினேழு என்றார். தலையசைத்ததைச் சொன்னார். பொத்தானைச் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார், ஆனாலும் நேரம் எடுத்தது.

மேரன் சட்டையின் மடிப்பைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"கடைசிப் பந்து சும்மா வந்ததுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "கையில படறப்பவே தெரியும்ல. கனமே இல்லை. இன்னொண்ணு எதுன்னு தெரியாது."

"அப்பவே தெரியுமா?"

"டெஸ் கிட்ட சொன்னேன், என்னை எடுக்காதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் ஆடறேன்னு. 'போதும்டி, உட்கார்ந்து சந்தோஷமா இரு'ன்னாங்க. நான் மேசையைப் பார்த்தேன். நீங்கதான் முன்னாடியே தலையாட்டிட்டீங்களே." அவள் நிமிர்ந்தாள். "சரி, நான்தான் தப்பா நெனச்சிருக்கேன்னு உட்கார்ந்துட்டேன். உங்களுக்குத் தெரியாததா?"

லைல் சுவரைப் பார்த்தார்.

"இன்னும் பதிமூணு பாயிண்ட் இருந்துச்சு" என்றாள் மேரன். "உடம்பு நல்லா சூடா இருந்தது. அன்னிக்கு எது வந்தாலும் எடுத்திருப்பேன்."

"தெரியும்."

"நீங்க இல்லைன்னு தலையாட்டியிருந்தா?"

"எடுத்திருப்ப."

ஜன்னல் திறந்தது. மேரன் சட்டையைக் கொடுத்தாள். உள்ளே இருந்தவர் எண்ணைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார். சட்டையிலிருந்து அவள் கையை எடுக்கச் சற்று நேரம் ஆனது.

"அந்தப் பந்தை அப்பா கண்ணாடிப் பெட்டியில வெச்சுட்டாரு" என்றாள். "கீழே எண் எல்லாம் போட்டு, கடையில குடுத்து எழுதி."

"அவர்கிட்ட நான் பேசறேன்."

"வேண்டாம். நான் சொல்லிக்கறேன்." பையைத் தோளில் மாட்டினாள். "மாத்திடுங்க. என் பேரை வெச்சு ரொம்ப எழுதாதீங்க, போதும். பாவம் பாவம்னு யாரும் சொல்லக் கூடாது."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு போன பிறகு அது நினைவுக்கு வந்தது.

பத்தே முக்காலுக்கு எழுதினார்.

'வாலிபால். பன்னிரண்டு வெற்றி, பன்னிரண்டு தோல்வி, ஐந்தாம் இடம். மேரன் டூஃபெக் நான்கு வருஷத்தில் 1,863 எடுப்புகளோடு முடித்தாள். கல்லூரி வரலாற்றில் இது இரண்டாம் இடம். அக்டோபர் கடைசி ஆட்டத்தில் சாதனை முறியடிக்கப்பட்டதாக அறிவித்தது தவறு. அப்போது எண்ணிக்கை இரண்டு குறைவாக இருந்தது; மேசையில் இருந்தவர் அது தெரிந்தும் ஆமோதித்தார். அதை நம்பி அவளை ஆட்டத்திலிருந்து எடுத்தார்கள். மேசையில் இருந்தவர் இதை எழுதுபவர்.'

படித்துப் பார்த்தார். இருபத்தேழு வருஷத்தில் நல்லது ஒன்றும் சொல்லாத முதல் பத்தி. லீக் அலுவலகத்துக்குத் திருத்திய எண்ணை அனுப்பினார். பத்தியை அச்சகத்துக்கு அனுப்பினார். மணி பதினொன்றாகவில்லை.

ஜோலீன் வந்தாள். தபாலை வைத்தாள். கோப்பையை எடுத்தாள்.

லைல் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் நின்றபடியே படித்தாள். ஒரு முறை படித்து, மறுபடி மேலிருந்து படித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்போ அந்தப் பட்டை?"

"அது இருக்கிற இடத்துலயே இருக்கும்."

"எனக்கு வேண்டாம்."

"ஜோலீன், எண் அப்படித்தான்."

"எண்ணைப் பத்தி யார் கேட்டா? அந்தப் பொண்ணு எடுத்திருப்பா, லைல். நல்லா அடிச்ச பந்துல ரெண்டு எடுத்திருப்பா. நானும் ஒழுங்கா தோத்திருப்பேன். முந்நூறு பேர் முன்னாடி கட்டிப் பிடிச்சு, அழுது, மூக்கு சிந்தினேன். எல்லாம் எதுக்கு? நீ ஒரே ஒரு தடவை இல்லைன்னு தலையாட்ட முடியல. எனக்கு மட்டும் ஆட்டத் தெரிஞ்சுது, தொண்ணூத்தெட்டுல!"

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் என்ன கதை சொல்றது?" என்றாள்.

தபால் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனாள். காபி ஊற்றாத கோப்பை மேசைமேல் இருந்தது.

லைல் கடைசி ஆட்டத்தின் படத்தைப் போட்டார். பாதிரியார் மைக்கைத் தூக்கினார். இந்த முறை நிறுத்தவில்லை. அட்டைகள் காற்றில் பறந்தன. ஜோலீன் இறங்கி ஓடினாள். டெஸ் ஏதோ சொன்னாள். மேரன் தலையைக் குறுக்கே ஆட்டி ஏதோ சொன்னாள். டெஸ் அவள் முதுகைத் தட்டினாள். முதலாம் ஆண்டுப் பெண் உள்ளே வந்து மேரன் நின்ற இடத்தில் நின்றாள்.

பதிமூன்று புள்ளிகள். அந்த இடத்துக்கு வந்த பந்துகளை லைல் எண்ணினார். ஓங்கி அடித்தவை மட்டும். முதலாவதை அந்தப் பெண் எடுத்தாள். இரண்டாவது அவள் கைக்குக் கீழே தரையில் விழுந்தது. மூன்றாவதை எடுத்தாள். நான்காவதையும்.

பெஞ்சில் மேரன் மடியில் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் இருந்தவர் குனிந்திருந்தார்.